பனையோலைக் கைப்பணியும் வீட்டு விழாக்களும்: குறிகட்டுவானிலிருந்து ஒரு பாடம்



கைப்பணி பற்றிய வினா ஒன்று வந்தால் எம்மிற் பலர் செய்வது ஒன்றுதான். "கடகம், பெட்டி, பாய், சுளகு" என்று நான்கு பெயர்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகிறோம். ஆனால் வினாவின் பிற்பகுதி பெரும்பாலும் "ஏன்?", "எவ்வாறு?", "விளக்குக" என்று கேட்கும். அங்கேதான் விடைத்தாள் வெறுமையாகின்றது. பெயர்களைப் பாடமாக்கலாம், காரணங்களை அவ்வாறு பாடமாக்க முடியாது. அவற்றைக் கண்ணாற் பார்த்தும் கையாற் செய்தும் அறிந்துகொள்ள வேண்டும்.

இக்கட்டுரை பனையோலைக் கைப்பணியை அவ்வாறு விளங்கிக்கொள்ள உதவும். பரீட்சைக்குப் படிப்பதோடு உங்கள் வீட்டிலுள்ள தம்பி தங்கைக்கு ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்து கொடுக்கவும் இதிலே வழி உண்டு.

1. இடத்தை அறிந்துகொள்வோம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கே செல்லும் பாதை, வேலணையைக் கடந்து மற்றொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவை அடைகின்றது. அப்பாதை முடியுமிடமே குறிகட்டுவான் இறங்குதுறை. பேருந்து அதற்கப்பாற் போகாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்பவர்கள் இங்கே படகேறுவர்.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலய ஆண்டுத் திருவிழா நடைபெறும்போது பெருந்தொகையான அடியார்கள் இத்துறையினூடாகவே செல்கின்றனர். நயினாதீவிலுள்ள நாகவிகாரையைத் தரிசிக்கச் செல்லும் பௌத்த யாத்திரிகர்களுக்கும் இதுவே வழி.

நீங்கள் அங்கே சென்றால் படகு வரும்வரை கடலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மக்களின் கைகளைப் பாருங்கள். அருச்சனைப் பொருள்களை எதிலே கொண்டு செல்கின்றனர்? பனங்கட்டி எதிலே பொதியப்பட்டுள்ளது? மீன் எதிலே வருகின்றது? எத்தனை பொருள்கள் ஓலையால் ஆனவை, எத்தனை பொலித்தீனால் ஆனவை என்று எண்ணிக் கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பணி பற்றிய உங்கள் முதலாவது களக்குறிப்பு அதுவாகும்.

2. மூலப்பொருள்: ஓலையின் பருவங்கள்

பனை ஒருவித்திலைத் தாவரம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கும் பழமும் பெண்பனையில் மட்டுமே கிடைக்கும். ஓலை இரண்டிலும் கிடைக்கும். ஓலையின் பருவத்துக்கேற்பப் பெயரும் பயனும் மாறுகின்றன.

குருத்தோலை: இன்னும் விரியாத இளம் ஓலை. சூரிய ஒளி படாதபடியால் பச்சையம் குறைவு. ஆதலால் வெளிறிய நிறமுடையது.

சார்வோலை: விரியத் தொடங்கும் இளம் ஓலை. மென்மையும் உறுதியும் ஒருங்கே உடையது. பெட்டி, பாய் முதலியவற்றை இழைப்பதற்கு மிகவும் ஏற்றது.

பச்சையோலை: நன்கு விரிந்து முற்றிய ஓலை. வேலி அடைத்தல், வீடு வேய்தல், மாட்டுக்குத் தீனி ஆகியவற்றுக்குப் பயன்படும்.

காவோலை: காய்ந்து தொங்கும் முதிய ஓலை. எரிபொருளாகவும் வேலி அடைக்கவும் உதவும்.

"காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்" என்ற பழமொழியை அறிவீர்கள். முதியோரைப் பார்த்து இளையோர் நகைக்கலாகாது என்பதே அதன் பொருள். ஓலையின் பருவங்களை நன்கு அறிந்த ஒரு சமூகத்தாலேயே இத்தகைய பழமொழியை ஆக்க முடியும்.

கவனிக்குக: பனைக்கு வளரும் முனை ஒன்றுதான். அது உச்சியில் உள்ளது. அம்முனை சிதைந்தால் மரம் பட்டுவிடும். ஆதலால் அனுபவமுள்ளவர்கள் ஒரே மரத்திலிருந்து இளம் ஓலைகள் முழுவதையும் வெட்டமாட்டார்கள். மூலப்பொருளைப் பேணி எடுப்பதும் கைப்பணியின் ஓர் அங்கமே.

3. செயன்முறை: படிகளும் காரணங்களும்

(அ) வெட்டுதலும் உலர்த்துதலும்: சார்வோலையை வெட்டி, மட்டையை நீக்கி, வெயிலிற் காயவிடுவர். ஈரம் போகாத ஓலையை இழைத்தால் பின்னர் அது சுருங்கும். இழைகளுக்கிடையே இடைவெளி தோன்றிப் பொருள் தளர்ந்துவிடும். பூஞ்சணமும் பிடிக்கும்.

(ஆ) ஈர்க்கு நீக்கல்: ஒவ்வோர் ஓலையின் நடுவிலும் உள்ள விறைப்பான நரம்பே ஈர்க்கு. அது மடியாது. எனவே அதனை நீக்குவர். நீக்கிய ஈர்க்கை எறிவதில்லை. விளிம்பு கட்டவும், தட்டுச் செய்யவும், விளக்குமாறு கட்டவும் அது வேண்டும்.

(இ) வார்தல்: சத்தகம் எனப்படும் சிறு கத்தியால் ஓலையை ஒரே அகலமான கீலங்களாகக் கிழித்தல் வார்தலாகும். அகலம் மாறினால் பின்னல் கோணும். புதிதாகப் பழகுபவர்கள் இழைக்கும்போது பிழைவிட்டதாக நினைப்பார்கள். உண்மையில் பிழை பெரும்பாலும் வார்தலிலேயே நேர்ந்திருக்கும்.

(ஈ) சாயமிடல்: நிறம் வேண்டுமாயின் சாயம் கரைத்த கொதிநீரில் ஓலையை அமிழ்த்தி எடுத்து நிழலில் உலர்த்துவர். மஞ்சள் நீரினால் மஞ்சள் நிறமும், மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ப்பதாற் செந்நிறமும் பெறலாம். இக்காலத்திற் கடைகளிற் கிடைக்கும் சாயத்தூள்களே பெரிதும் பயன்படுகின்றன.

(உ) நனைத்தல்: இழைப்பதற்குச் சற்று முன்னர் கீலங்களை நீர் தெளித்துப் பதப்படுத்துவர். உலர்ந்த ஓலை மடிக்கும்போது வெடிக்கும். பதமான ஓலை வளைந்து கொடுக்கும்.

(ஊ) இழைத்தல்: கீலங்களை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செலுத்துதல். "ஒன்று விட்டு ஒன்று" என்பது எளிய பின்னல். இரண்டு கீலங்களைத் தாண்டிச் செலுத்தினால் சாய்வான கோடுகள் தோன்றும்.

(எ) பொத்துதல்: பொருளின் விளிம்பில் ஈர்க்கை வைத்து நாரினால் அல்லது ஓலையினால் சுற்றிக் கட்டுதல். இது இல்லாவிடின் பின்னல் விளிம்பிலிருந்து கழன்றுவிடும்.

ஓலைப் பெட்டியொன்றை எடுத்துப் பாருங்கள். அடி சதுரம், வாய் வட்டம். இது எவ்வாறு அமைந்தது? அடியிலே கீலங்கள் செங்குத்தாக ஒன்றையொன்று வெட்டுவதால் சதுரம் உண்டாகின்றது. மூலைகளில் மேல்நோக்கித் திருப்பியதும் அதே கீலங்கள் பக்கங்களில் சாய்வாக ஓடுகின்றன. சாய்வான பின்னல் இழுத்தால் நெகிழும். ஆகவே வாயை வட்டமாக விரித்துப் பொத்த முடிகின்றது. இதை ஓர் எளிய வரிப்படத்துடன் விளக்கினால் விடை சிறக்கும்.

4. பொருள்களும் அவற்றின் பயன்களும்

நீத்துப்பெட்டி: பிட்டு அவிக்கும் கூம்பு வடிவப் பெட்டி. பின்னலின் நுண்ணிய இடைவெளிகளினூடாக நீராவி மேலேறும். மா கீழே விழாது. ஒடுங்கும் நீரில் ஒரு பங்கை ஓலை உறிஞ்சுவதாற் பிட்டு குழைவதில்லை.

குட்டான்: பனங்கட்டிக்கான சிறு ஓலைக் கொள்கலம். கொள்கலமே பொதியாகவும் அமைகின்றது.

பிளா: ஓலையை மடித்துக் கட்டிச் செய்யும் குடிகலம். கள்ளும் கூழும் அருந்தப் பயன்பட்டது.

பட்டை: நீர் இறைப்பதற்கான ஓலைக் கலம்.

உமல்: மீன், மரக்கறி முதலியன கொண்டு செல்லும் பை.

பறி: மீனவர் பிடித்த மீனை இடும் கூடை.

கடகம்: நெல், மண் முதலிய பாரமான பொருள்களைச் சுமக்கும் உறுதியான பெரிய பெட்டி.

தடுக்கு: ஒருவர் அமர்வதற்கு அல்லது குழந்தையைக் கிடத்துவதற்கான சிறிய பாய்.

கொட்டப்பெட்டி: வெற்றிலை, பாக்கு, சில்லறை வைக்கும் மூடியுள்ள சிறு பெட்டி.

ஞாபகத்திற் கொள்க: பயனை எழுதும்போது பொருளின் அமைப்பையும் பயனையும் இணைத்து எழுதுக. "நீத்துப்பெட்டி பிட்டு அவிக்க உதவும்" என்பதைவிட "நீராவி உட்செல்லும் வகையில் பின்னப்பட்டுள்ளமையால் பிட்டு அவிக்க உதவும்" என்பது நிறைவான விடை.

5. விழாக்களும் சிறுவர் கைவேலைகளும்

எமது பிரதேசத்திற் கைப்பணிக்குத் தனியான பள்ளிக்கூடம் இருந்ததில்லை. விழாவும் விழாவுக்கு முந்திய நாளுமே பள்ளிக்கூடம். பெரியவர்கள் வேலை செய்யும்போது சின்னஞ்சிறுவர்கள் பக்கத்திலிருந்து மிஞ்சிய ஓலையில் விளையாடுவார்கள். அவ்விளையாட்டே முதற் பயிற்சியாக அமைந்தது.

தைப்பொங்கல்: முற்றத்திற் கோலமிடலும் மாவிலை, குருத்தோலைத் தோரணங்கள் கட்டலும். தோரணத்துக்கு ஓலை மடிக்கும் வேலையைச் சிறுவர்களிடம் கொடுக்கலாம்.

குருத்து ஞாயிறு: உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு. தீவகத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிற் சிறுவர்கள் குருத்தோலையை மடித்துச் சிலுவை செய்வர். மடித்துச் செருகும் முறையாற் பசையோ நூலோ இன்றி அது நிலைக்கின்றது.

வெசாக்: மூங்கிற் சட்டகத்தில் மெல்லிய வண்ணக் கடதாசி ஒட்டி வெசாக் கூடு செய்தல். ஒளி ஊடுசெல்லும் பொருளைத் தெரிவுசெய்வதே இங்கு முக்கியம்.

ஆடிப்பிறப்பு: ஆடி முதலாம் நாள். அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்துக் கூழ் காய்ச்சுவர். பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்தி அதிலே கூழ் அருந்துவது வழக்கம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878-1953) சிறுவர்களுக்காக இவ்விழாவைப் பாடியுள்ளார். பலாவிலைக் கோலிகளைச் செய்வது ஐந்து வயதுப் பிள்ளையாலும் இயலும். ஈர்க்கைக் குத்தும் வேலையைப் பெரியவர்கள் செய்ய வேண்டும்.

விசயதசமி: ஏடு தொடக்கும் நாள். குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதுவிப்பர். "ஏடு" என்பது எழுதப் பதப்படுத்திய ஓலையைக் குறிக்கும். கடதாசி பரவுவதற்கு முன்னர் எமது நூல்கள் ஓலையிலேயே வாழ்ந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றினார்.

கார்த்திகை விளக்கீடு: ஆலய முன்றலிற் காவோலைகளாற் சொக்கப்பனை அமைத்து எரிப்பர். காவோலை நன்கு காய்ந்தது. ஆதலால் ஒரே வீச்சிற் சுவாலை எழும். சிறுவர்கள் தூரத்தில் நிற்க வேண்டும்.

நத்தார்: பாலன் குடில் அமைத்தல். சிறு ஓலைக் கீற்றுகளாற் கூரை வேயும்போது கீழிருந்து மேலாக வேய வேண்டும். அப்போதுதான் மேல் வரிசை கீழ் வரிசையின் விளிம்பை மூடி மழைநீரை வழியவிடும். உண்மையான வீட்டுக் கூரைக்கும் இதே விதிதான்.

6. செய்து பார்க்க: ஓலைக் காற்றாடி

தேவையானவை: இரண்டு சென்ரிமீற்றர் அகலமும் இருபது சென்ரிமீற்றர் நீளமும் உள்ள பதமான ஓலைக் கீலங்கள் இரண்டு, ஓர் உடைமுள், கையளவு நீளமான தடித்த ஈர்க்கு அல்லது மெல்லிய தடி, கத்தரிக்கோல்.

படி 1: இரு கீலங்களையும் கூட்டல் அடையாளம் போல நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்குக.

படி 2: நான்கு முனைகளையும் ஒரே திசையில் சற்று முறுக்குக. கீலம் காற்றை நேரே தடுக்காமற் சாய்வாக நிற்க வேண்டும்.

படி 3: நடுவில் முள்ளைச் செலுத்துக. துளை முள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும். இறுகினாற் காற்றாடி சுழலாது.

படி 4: முள்ளின் கூர்முனையைத் தடியிற் குத்தி இறுக்குக. வெளியே நீட்டும் கூரை வெட்டிவிடுக.

படி 5: கடற்காற்று வீசும் இடத்திற் பிடித்துப் பார்க்குக.

இப்போது ஒரு பரிசோதனை. ஓர் இறகை மட்டும் எதிர்த்திசையில் முறுக்குக. காற்றாடி தயங்கும். இரண்டு இறகுகளை எதிர்த்திசையில் முறுக்கினாற் சுழலாமலே நின்றுவிடும். சாய்ந்த பரப்பிற் காற்று மோதும்போது அது இறகைப் பக்கவாட்டிலே தள்ளுகின்றது. நான்கு இறகுகளும் ஒரே பக்கம் தள்ளப்பட்டாற்றான் சுழற்சி உண்டாகும். விஞ்ஞானப் பாடத்திற் படித்த விசையின் விளைவை இங்கே தம்பியின் கையிலே காணலாம்.

கவனிக்குக: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் முள்ளையோ சத்தகத்தையோ கொடுக்கக் கூடாது. ஓலையின் விளிம்பும் விரலை வெட்டக்கூடியது. சிறியவர்களுக்கு முறுக்கும் வேலையை மட்டும் கொடுங்கள்.

இவ்வாறே நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டை ஒரு தடியில் இணைத்து வண்டில் செய்யலாம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம். இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை. தேடிப் பொறுக்குவதே பாதி விளையாட்டு.

7. ஒரு கணக்கு: நுண்ணிய பெட்டிக்கு விலை ஏன் அதிகம்?

இறங்குதுறையில் ஓலைப்பெட்டி வாங்குபவர் சிலர் "இந்தச் சின்னப் பெட்டிக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்பதுண்டு. கணக்குப் பார்ப்போம்.

12 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரத் தடுக்கை எடுத்துக்கொள்க. கீலத்தின் அகலம் 1 சென்ரிமீற்றர் எனின், ஒரு திசையில் 12 கீலங்கள், மறு திசையில் 12 கீலங்கள். அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் 12 × 12 = 144.

கீலத்தின் அகலத்தை அரைச் சென்ரிமீற்றர் ஆக்குக. இப்போது ஒவ்வொரு திசையிலும் 24 கீலங்கள். சந்திப்புகள் 24 × 24 = 576. அகலம் அரைவாசியானது, வேலை நான்கு மடங்கானது.

ஒரு சந்திப்புக்கு 5 செக்கன் செல்லும் என்று கொண்டால் முதலாவதற்கு 12 நிமிடம், இரண்டாவதற்கு 48 நிமிடம். இதிலே வார்தலும் சாயமிடலும் பொத்துதலும் சேரவில்லை. வாங்குபவர் பெட்டியின் பருமனைப் பார்க்கிறார். இழைத்தவரின் கை அறிந்ததோ சந்திப்புகளின் எண்ணிக்கை. இவ்வேலையைச் செய்பவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையிலே கிடைக்கும் நேரத்தில் இழைப்பதால் அவர்களின் உழைப்பு நேரம் பலராற் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. "கைப்பணியாளர் எதிர்நோக்கும் பிரச்சினைகள்" என்ற வினாவுக்கு இதை முதலாவதாக எழுதலாம்.

8. இன்றைய நிலை

1990 களின் தொடக்கத்திற் போர் காரணமாகத் தீவகத்து மக்களிற் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவைச் சேர்ந்த குடும்பங்கள் பல இன்று கொழும்பிலும் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலும் வாழ்கின்றன. போரிலே பெருந்தொகையான பனைகளும் அழிந்தன. பனை முதற் பாளை தள்ளுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். போர் முடிந்த 2009 இல் நாட்டிய விதை இப்பொழுதுதான் அப்பருவத்தை எட்டுகின்றது.

மரத்தை மீண்டும் நாட்டலாம். கைப்பழக்கத்தை அவ்வாறு நாட்ட முடியாது. ஆச்சி இழைப்பதைப் பார்க்காத அம்மாவால் பிள்ளைக்குக் காட்ட முடியாது. ஒரு தலைமுறை விடுபட்டால் தொடர்பு அறுந்துவிடும். தீவகத்துக் கைப்பணியின் மிகப் பெரிய ஆபத்து இதுவேயாகும்.

சாதகமான அம்சங்களும் உண்டு. பனை சார்ந்த தொழில்களை வளர்ப்பதற்காகப் பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டது. பெண்பனையைத் தறிப்பதற்குச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். மேலும் 2023 ஒக்ரோபர் முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாத்திக்குத் தட்டுகள், குவளைகள், கரண்டிகள் ஆகியவற்றோடு பிளாத்திக்கு மாலைகளும் பிளாத்திக்கு இடியப்பத் தட்டுகளும் இலங்கையிலே தடைசெய்யப்பட்டன. ஈர்க்கினாலும் பிரம்பினாலும் செய்த இடியப்பத் தட்டு எங்கள் அடுக்களைகளுக்குப் புதியதன்று. தடை ஒரு வாய்ப்பைத் தந்துள்ளது. அதைப் பயன்படுத்தச் செய்பவரும் வேண்டும், நியாயமான விலை கொடுப்பவரும் வேண்டும்.

9. மாதிரி வினாவும் விடைக் குறிப்பும்

வினா: பனையோலைப் பெட்டி ஒன்றைச் செய்யும்போது (1) ஓலையை உலர்த்துவதற்கும், (2) இழைக்குமுன் மீண்டும் நனைப்பதற்கும் காரணம் யாது? இவை ஒன்றுக்கொன்று முரணானவையா?

விடைக் குறிப்பு: (1) பச்சை ஈரத்துடன் இழைத்தால் பின்னர் ஓலை சுருங்கிப் பின்னல் தளரும். பூஞ்சணம் பிடிக்கும். (2) முற்றாக உலர்ந்த ஓலை மடிக்கும்போது வெடிக்கும். எனவே சிறிதளவு நீர் தெளித்து நெகிழ்ச்சி ஊட்டப்படும். முரண் இல்லை. முதலாவது ஓலையின் சுருக்கத்தை முன்கூட்டியே முடித்துவிடுகின்றது. இரண்டாவது வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் தற்காலிகமாக மென்மை தருகின்றது.

10. பயிற்சி

1. சார்வோலை, காவோலை ஆகியவற்றை நிறம், தன்மை, பயன் அடிப்படையில் ஒப்பிடுக.

2. நீத்துப்பெட்டியின் அமைப்பு அதன் பயனுக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதைப் படத்துடன் விளக்குக.

3. 20 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரத் தடுக்கை 2 சென்ரிமீற்றர் அகலக் கீலங்களாலும் 1 சென்ரிமீற்றர் அகலக் கீலங்களாலும் இழைக்கும்போது உண்டாகும் சந்திப்புகளைத் தனித்தனியே காண்க.

4. உமது வீட்டில் அல்லது அயலில் ஓலை இழைக்கத் தெரிந்த ஒருவரைச் சந்தித்து, அவர் யாரிடம், எந்த வயதிற் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்பவற்றைக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுக.

நான்காவது பயிற்சியைக் கடைசிக்கு விட்டுவிடாதீர்கள். ஏனைய மூன்றையும் இக்கட்டுரையைப் பார்த்தே செய்துவிடலாம். நான்காவதற்கான விடை ஓர் ஆச்சியிடமோ அப்புவிடமோதான் இருக்கின்றது. அவரிடம் போகும்போது வெறுங்கையுடன் போகாமல் ஓர் ஓலைக் கீலத்தையும் தம்பியையும் கூட்டிச் செல்லுங்கள்.